அம்பிளிபயர் ஏன் இரைகிறது? இரவில் கேட்கும் முனகலைக் கண்டுபிடித்துக் குறைக்கும் வழி

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதையை ஒட்டிய தொடர்மாடியில் எங்கள் வீடு. இங்கே இரவு பத்தரைக்கு முன் நிம்மதியாகப் பாட்டுக் கேட்க முடியாது. காலி வீதி பஸ்களின் ஹோர்ன் ஓய வேண்டும், கடைசி ரயில்களில் ஒன்று ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்துவிட்டுப் போக வேண்டும், மேல்வீட்டுப் பிள்ளை கதிரையை இழுப்பதை நிறுத்த வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு, ஒரு பாட்டு நின்று அடுத்தது தொடங்கும் இடைவெளியில் அது கேட்கும். யாரோ பக்கத்து அறையில் வாயை மூடிக்கொண்டு சுருதி பிடிப்பது போல ஒரு நீளமான ‘ம்ம்ம்’. பகல் முழுக்க அது இருந்ததுதான். நம் காதுக்குத்தான் இடம் கிடைக்கவில்லை.

பழைய அம்பிளிபயர் ஒன்றை ஆசையாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் பலர் இந்தச் சத்தத்தைக் கேட்டதும் நேரே மின்சாதனக் கடைகள் உள்ள புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். எந்தப் பாகத்தை மாற்றுவது என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. நான் அவர்களிடம் வேறு இரண்டு கேள்விகள் கேட்பேன். சத்தம் பெட்டியிலிருந்து வருகிறதா, ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா? வொலியூமைக் கூட்டினால் அதுவும் கூடுகிறதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலான வீடுகளில் மூடியைக் கழற்றவே தேவை வராது.

தொட முன்

மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கி நிற்கும். கண்ணாடிக் குழாய்களால் ஓடும் வால்வு அம்பிளிபயர் என்றால் அது பல நூறு வோல்ட். ஆளைக் கொல்லப் போதும். இந்தக் கட்டுரையில் சொல்லும் சோதனைகள் எல்லாம் மூடியைத் திறக்காமல், வெளியிலிருந்து செய்யக்கூடியவை. கேபிள்களைச் செருகும்போதும் கழற்றும்போதும் அம்பிளிபயரை அணைத்துவிடுங்கள்.

மூன்று நிலைகளில் சோதனையே வேண்டாம், உடனே சுவிட்சை அணைக்க வேண்டும். வார்னிஷ் கருகும் வாசனை வந்தால், மூடியின் மேல் கை வைக்க முடியாத சூடு இருந்தால், சுவிட்சைப் போட்டதும் பலத்த உறுமலோடு ஸ்பீக்கரின் கூம்பு முன்னாலோ பின்னாலோ தள்ளி அப்படியே நின்றுவிட்டால். மூன்றாவது நிலையில் சில விநாடி தாமதித்தாலும் ஸ்பீக்கரின் சுருள் எரிந்துவிடும்.

பெட்டியா, ஸ்பீக்கரா?

மின்விசிறியை அணையுங்கள். கொழும்பு வெக்கையில் இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம், ஆனாலும் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு அம்பிளிபயரை மட்டும் போடுங்கள் (வால்வு அம்பிளிபயரை ஸ்பீக்கர் இல்லாமல் போடக் கூடாது, அதற்கு அடுத்து வரும் அகப்பைச் சோதனை போதும்). இன்னமும் சத்தம் இருந்தால் பெட்டியே முனகுகிறது. ஸ்பீக்கரைக் கழற்றியதும் சத்தமும் போய்விட்டால் அது மின்வழி வரும் இரைச்சல்.

சந்தேகம் தீராவிட்டால் சமையலறையிலிருந்து ஒரு நீளமான மர அகப்பையை எடுத்து வாருங்கள். காம்பின் நுனியை மூடியின் மேல் வைத்து, மறுமுனையைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்துங்கள். வைத்தியரின் குழாய் போலவே வேலை செய்யும். இடத்தை நகர்த்தி நகர்த்திக் கேட்டால் டிரான்ஸ்போமர் எந்த மூலையில் இருக்கிறது, சத்தம் அதன் மேலேயே பலமாக இருக்கிறதா, அல்லது தளர்ந்த மூடித் தகடுதான் அதோடு சேர்ந்து அதிர்கிறதா என்பது தெரிந்துவிடும். ஒருமுறை அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டதன் பிறகு, மூடியின் ஒரே ஒரு திருகாணி தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தேன்.

சத்தத்தின் உயரத்தையும் கவனியுங்கள். இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுழற்சி. பள்ளிப் புத்தகம் நிலைமாற்றி என்றும் கடைக்காரர் டிரான்ஸ்போமர் என்றும் சொல்லும் பொருளின் இரும்புக் கரு, காந்தப் புலம் ஏறும்போது மயிரிழையளவு உருமாறி, புலம் இறங்கும்போது பழைய நிலைக்கு வரும். புலம் எந்தத் திசையில் ஏறினாலும் இது நடக்கும் என்பதால் ஒரு சுழற்சிக்கு இரண்டு தரம், விநாடிக்கு 100 தரம் நடக்கிறது. ஆகவே பெட்டியின் முனகல் 100 ஹேர்ட்ஸ். வயர் வழியாகவோ காந்தப் புலம் வழியாகவோ ஸ்பீக்கருக்கு வருவது பெரும்பாலும் 50 ஹேர்ட்ஸ். மின்வழங்கல் பகுதியில் கோளாறு என்றால் அது மீண்டும் 100, ஆனால் கொஞ்சம் கரகரப்போடு.

சங்கீதம் பழகியவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 100 ஹேர்ட்ஸ் என்பது கீழ் ஸ்தாயியில் ஐந்து கட்டைக்குச் சற்று மேலே. 50 ஹேர்ட்ஸ் அதே சுரத்தின் இன்னும் ஒரு ஸ்தாயி கீழே. இரண்டும் ஒரே சுரம் என்பதால் காது ஏமாறவும் செய்யும். தொலைபேசியில் ஒலி அதிர்வெண் உண்டாக்கும் செயலி ஒன்றை இறக்கி, ஹெட்போனில் 50, 100 இரண்டையும் மாறி மாறிக் கேட்டுப் பழகுங்கள். தொலைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் 50 ஹேர்ட்ஸ் வெளியே வராது. அதை நம்பி ஒப்பிட்டால் தவறான முடிவுக்குத்தான் வருவீர்கள்.

பெட்டியே முனகினால்: முதலில் வோல்ட்

கொழும்பில் இதற்கு முதல் சந்தேகநபர் டிரான்ஸ்போமர் அல்ல, அதன் பிறந்த ஊர். இங்கே பழைய சாமான் விற்பவர்களிடம் ஜப்பானியச் சந்தைக்காகச் செய்த 100 வோல்ட் அம்பிளிபயர்கள் நிறையக் கிடைக்கும். இன்னொரு பக்கம், கனடாவிலிருந்து சித்தப்பா வரும்போது கொண்டுவந்த 120 வோல்ட் ரிசீவர் இருக்கும். இரண்டையும் சுவரில் நேரே குத்தினால் புகைதான் வரும். அதனால் 230-ஐ 110 ஆக்கும் ‘ஸ்டெப் டவுன்’ பெட்டி ஒன்றை வாங்கி இடையில் வைக்கிறோம். முனகல் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

கணக்கு எளிது. இரும்புக் கருவின் மேல் விழும் சுமை, வோல்ட்டை ஹேர்ட்ஸால் வகுத்தால் வருவதைப் பொறுத்தது. ஜப்பானியப் பெட்டியின் பின்னால் 100 வோல்ட், 50/60 என்று எழுதியிருந்தால் 50 ஹேர்ட்ஸில் அதன் கணக்கு 100 வகுத்தல் 50, அதாவது 2. ஜப்பானின் கிழக்குப் பகுதியில் 50, மேற்குப் பகுதியில் 60 ஹேர்ட்ஸ் என்பதால் அங்கே செய்தவை வழக்கமாக இரண்டுக்கும் பொருந்தும். அதற்கு நீங்கள் 110 கொடுத்தால் 2.2. பத்து வீதம் கூடுதல். ஸ்டெப் டவுன் பெட்டிக்கு 230-க்குப் பதில் சுவரிலிருந்து 240 வந்தால், வெளியே 115 ஆகிவிடும். கரு தாங்கக்கூடிய எல்லையை நெருங்கியதும் முனகல் சட்டென்று ஏறும், சூடும் ஏறும். தீர்வு, வெளியே சரியாக 100 வோல்ட் தரும் பெட்டியைக் கேட்டு வாங்குவது. கடைக்காரர் ‘100-உம் 110-உம் ஒன்றுதான்’ என்பார். ஒன்றல்ல.

கனடாப் பெட்டியின் கதை இன்னும் சுவையானது. 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் மட்டும் என்று எழுதியிருந்தால் அதன் கணக்கும் 2. இங்கே 50 ஹேர்ட்ஸில் 120 கொடுத்தால் 2.4 ஆகிறது, இருபது வீதம் கூடுதல். வோல்ட் சரிதானே என்று நினைத்துக் கொடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். அதே பெட்டிக்கு 100 வோல்ட் கொடுத்தால் கணக்கு மீண்டும் 2. அம்பிளிபயரின் பலம் ஓரளவு குறையும், வீட்டுக் கேட்புக்கு அது தெரியாது, முனகல் அடங்கிவிடும். இசைத்தட்டுச் சுழற்றி ஒன்றும் அங்கிருந்து வந்திருந்தால், அதன் மோட்டார் மின்சாரத்தின் ஹேர்ட்ஸை நம்பிச் சுழலும் வகையா என்று பாருங்கள். அப்படியானால் நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு இங்கே 28-க்கும் குறைவாகச் சுற்றும், சுசீலா பாடினாலும் ஆண் குரல் போலக் கேட்கும். எந்த ஸ்டெப் டவுன் பெட்டி வைத்தாலும் அதைத் திருத்த முடியாது.

ஸ்டெப் டவுன் பெட்டியும் ஒரு டிரான்ஸ்போமர்தான், அதுவும் இரையும். அம்பிளிபயரின் பின்னால் 300 வாட் என்று இருந்தால் 500-க்குக் குறையாத பெட்டியாக எடுங்கள். அதை அம்பிளிபயரின் தலையில் ஏற்றி வைக்காமல் தரையில், ஓரமாக, கேபிள்களுக்கும் இசைத்தட்டுக்கும் தூரமாக வையுங்கள்.

சில அம்பிளிபயர்களின் முதுகில் 110, 120, 220, 240 என்று ஒரு தெரிவுச் சுவிட்ச் இருக்கும். பல வீடுகளில் அது 220-இல் நிற்கிறது. நமக்கு வரும் 230 வோல்ட், ஆறு வீதம் கூடியோ குறைந்தோ வரலாம் என்பது விதி. அதாவது 216 முதல் 244 வரை. தெருவிலுள்ள டிரான்ஸ்போமருக்கு அருகில் இருக்கும் வீட்டில், ஊர் உறங்கிய பிறகு மேல் எல்லையை ஒட்டி நிற்பது சாதாரணம். மின்சார வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு இரவில் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். 235-க்கு மேல் நிற்கும் வீடென்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சுவிட்சை 240-க்கு மாற்றுங்கள். இதுவரை நான் செய்த திருத்தங்களில் ஒரு சதமும் செலவில்லாதது இதுதான்.

முனகல் வந்து வந்து போனால்

எங்கள் வீட்டு அம்பிளிபயர் சில மாதம் ஒரு விசித்திரம் காட்டியது. பின்னேரம் ஆறரை மணிக்கு, வெள்ளிக்கிழமைகளில் தவறாமல், பத்து நிமிடம் உறுமும். பிறகு ஒன்றும் நடக்காதது போல அடங்கும். நான் கெப்பாசிட்டர்கள் செத்துப்போய்விட்டன என்று முடிவுகட்டி, பழுது பார்ப்பவரிடம் கொடுத்து அத்தனையையும் மாற்றினேன். அடுத்த வெள்ளி ஆறரைக்கு மீண்டும் உறுமியது. அந்த நேரத்தில் எழுந்து அறை அறையாக நடந்தபோதுதான் மச்சாள் கோயிலுக்குப் போகத் தலை காயவைத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

முடி உலர்த்தியை அரைச் சூட்டில் வைக்கும்போது, விலை குறைந்த பல மாதிரிகளில் உள்ளே மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோட் ஒன்றே ஒன்று வேலைக்கு வருகிறது. அது மின் அலையின் ஒரு பாதியை மட்டும் உறிஞ்சும். அதன் விளைவாக வீட்டு வயரில் மின் அலை ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்து, மாறு மின்சாரத்தோடு ஒரு துளி நேர் மின்சாரமும் கலந்துவிடுகிறது. ஒரு வோல்ட்டுக்கும் குறைவான அந்தத் துளியே வளைய வடிவ டிரான்ஸ்போமரின் கருவை ஒரு பக்கமாக நிரப்பி உறுமவைக்கப் போதும். மச்சாளிடம் சொன்னேன்: ‘ஒன்று முழுச் சூட்டில் வையுங்கள், இல்லையென்றால் குளிர்காற்றில் வையுங்கள். நடுவில் மட்டும் வேண்டாம்.’ அன்றோடு உறுமல் நின்றது. மாற்றிய கெப்பாசிட்டர்களின் விலையை நான் இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்பதை மூடியைத் திறக்காமலே அறியலாம். மேல் துவாரங்களின் வழியே டோர்ச் அடித்துப் பாருங்கள். உளுந்து வடை போல நடுவில் துளையோடு வட்டமாக இருந்தால் வளைய வகை. மெல்லிய தகடுகளை அடுக்கிய சதுரக் கட்டியாக இருந்தால் பழைய அடுக்கு வகை. அடுக்கு வகை இந்தச் சாய்வை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், வடை பொறுக்காது.

சோதிக்கும் முறை இதுதான். முனகல் கேட்கும் நேரத்திலேயே வீட்டிலுள்ள ஒவ்வொன்றையும் அணைத்துப் பாருங்கள். முடி உலர்த்தி, மங்கலாக்கும் சுவிட்சோடு கூடிய விளக்கு, மின்விசிறியின் ரெகுலேட்டர். கடைசியாக, அம்பிளிபயர் இருக்கும் மின்சுற்றைத் தவிர மற்றவற்றை மின்பலகையில் அணையுங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் அது பக்கத்து வீட்டிலிருந்து வரலாம். தொடர்மாடிகளில் இது அடிக்கடி நடக்கும். அயலவரின் தலைமுடி விஷயத்தில் நாம் தலையிட முடியாது என்பதால், நேர் மின்சாரத்தைத் தடுக்கும் பெட்டி ஒன்றை அம்பிளிபயருக்கு முன்னால் வைப்பதே வழி. உள்ளே இருப்பது சில டையோட்களும் பெரிய கெப்பாசிட்டர்களும்தான். இணையத்தில் படம் பார்த்து நீங்களே செய்யலாம் என்று தோன்றும். 230 வோல்ட் ஓடும் பெட்டி முதல் முயற்சிக்கு உரியது அல்ல. கைதேர்ந்தவரிடம் கொடுங்கள்.

2022-இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போன காலத்தில் பல வீடுகள் இன்வேர்ட்டர் வாங்கின. அவற்றில் மலிவானவை தருவது வளைந்த அலை அல்ல, படிக்கட்டு போன்ற அலை. அதில் ஓடும்போது எந்த டிரான்ஸ்போமரும் கரகரக்கும். அம்பிளிபயரில் பிழை தேட வேண்டாம், கரண்ட் வரும் வரை அணைத்து வையுங்கள்.

வோல்ட்டும் சரி, சாய்வும் இல்லை என்றால் எஞ்சுவது அதிர்வு. மூடியின் மேல் உள்ளங்கையை அழுத்துங்கள். சத்தம் குறைந்தால் மூடித் திருகாணிகளை இறுக்குங்கள், மூடி உட்காரும் விளிம்பில் மெல்லிய ரப்பர் நாடா ஒட்டுவதைப் பழுது பார்ப்பவரிடம் விடுங்கள். பெட்டியைக் கையால் ஒரு அங்குலம் தூக்கிப் பாருங்கள். அடங்கினால் குற்றவாளி மேசை. பழைய சைக்கிள் டியூபை நறுக்கி நான்கு காலுக்கும் கீழே வைத்தால் போதும், விலையுயர்ந்த கால்கள் தேவையில்லை. வரவேற்பறை ஷோகேஸின் மெல்லிய பலகை கிட்டாரின் வயிறு போல வேலை செய்யும். அதை நான் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

உள்ளே டிரான்ஸ்போமரின் போல்ட்டை இறுக்குவது பழுது பார்ப்பவரின் வேலை. ஆனால் வளைய வகைக்கு ஒன்றை அவரிடம் நினைவூட்டுங்கள். நடுவில் போகும் போல்ட்டின் மேல்முனை மூடியைத் தொடக் கூடாது. தொட்டால் போல்ட்டும் பெட்டியும் சேர்ந்து ஒரு மூடிய சுற்றாகி, அதில் பெரும் மின்னோட்டம் ஓடும். ரப்பர் வளையம் நசுங்கும்வரை முறுக்குவதும் கூடாது.

ஸ்பீக்கரில் வந்தால்: வொலியூம் சொல்லும் கதை

வொலியூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் அது வொலியூம் குமிழுக்குப் பிறகு பிறக்கிறது. அதாவது அம்பிளிபயருக்குள்ளேயே. குமிழைத் திருகத் திருக அதுவும் ஏறினால் முன்னால் பிறக்கிறது. அதாவது நீங்கள் இணைத்திருக்கும் ஏதோ ஒன்றிலிருந்து.

இரண்டாவது வகையென்றால் பின்னாலிருக்கும் ஆர்.சி.ஏ கேபிள்கள் (மற்றச் சாதனங்களிலிருந்து பாட்டைக் கொண்டுவருபவை) எல்லாவற்றையும் கழற்றுங்கள். சத்தம் போய்விட்டதா? ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். எதைச் செருகும்போது திரும்ப வருகிறதோ அதுதான் ஆள். முழு வொலியூமில், ஒன்றும் செருகாத இசைத்தட்டு உள்ளீட்டில் கொஞ்சம் இரைச்சல் வரத்தான் செய்யும். அதைக் கோளாறு என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

கடற்கரைப் பக்கத்தில் வசிப்பவர்களுக்கு, இங்கேயே பாதி நோய் தீரும். எங்கள் பக்கத்து உப்புக் காற்றில் ஆர்.சி.ஏ துவாரங்களின் வெளி வளையத்தில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். பெட்டியின் திருகாணித் தலைகள் துருவேறியிருந்தால் துவாரங்களும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். வெளி வளையத்தின் தொடர்பு விட்டுப்போனால் காது கிழியும் 50 ஹேர்ட்ஸ் வரும். அணைத்துவிட்டு, தொடுமுனை சுத்தம் செய்யும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் துடையுங்கள், கேபிள் முனையின் உலோக இதழ்களை மெல்ல உள்ளே அழுத்துங்கள், செருகியபடி இரண்டு மூன்று தரம் திருகுங்கள். நகப்பூச்சு நீக்கும் திரவத்தைப் பயன்படுத்தாதீர்கள், பிளாஸ்டிக் உருகும்.

புவிச்சுற்று

கேபிள்கள் சுத்தம், இருந்தும் ஒரு குறிப்பிட்ட சாதனத்தைச் செருகினால் மட்டும் உறுமுகிறது என்றால் பெரும்பாலும் புவிச்சுற்று. இரண்டு சாதனங்கள் வெவ்வேறு வழிகளில் நிலத்தோடு தொடர்புபடும்போது, அந்த இரண்டு வழிகளுக்கும் இடையே உள்ள சின்ன வோல்ட் வித்தியாசம் உங்கள் ஆர்.சி.ஏ கேபிளின் வெளிவயர் வழியாக ஓடும். அம்பிளிபயர் அதையும் பாட்டு என்று நினைத்துப் பெருக்கிவிடும்.

நம் வீடுகளில் இதற்கு வழக்கமான மூலம் சட்டலைட் டிவி பெட்டி. கூரையில் தட்டு, அதன் கேபிளின் வெளிவயர் வழியே ஒரு நிலத்தொடர்பு. வரவேற்பறையில் அம்பிளிபயருக்கு இன்னொன்று. டிவி பெட்டியின் பின்னால் திருகியிருக்கும் அந்த உருண்டைக் கேபிளைக் கழற்றுங்கள். உறுமல் நின்றால் கண்டுபிடித்துவிட்டீர்கள். மடிக்கணினி என்றால் சார்ஜரைப் பிடுங்கி பற்றரியில் ஓடவிட்டுப் பாருங்கள்.

திருத்தம் மலிவானதிலிருந்து தொடங்கட்டும். எல்லாச் சாதனங்களையும் ஒரே மல்டி பிளக்கில் இணைத்து, அதை ஒரே சுவர்த் துவாரத்தில் செருகுங்கள். போதாவிட்டால், டிவியிலிருந்து அம்பிளிபயருக்கு ஒளிக்கேபிள் வழி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஒளியில் கரண்ட் ஓடாது, சுற்றும் இருக்காது. அதுவும் இல்லையென்றால் ஆர்.சி.ஏ கேபிளுக்கு நடுவில் வைக்கும் சின்னத் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்போமர். மிக மலிவானது அடி ஒலியை மெலிதாக்கிவிடும். மடிக்கணினிக்குப் பரவாயில்லை, நல்ல சி.டி பிளேயருக்கு நான் போட மாட்டேன்.

செய்யக்கூடாத திருத்தம் ஒன்று உண்டு, கொழும்பில் அதுவே அதிகம் நடக்கிறது. நம் சுவர்களில் உருண்டைப் பின், சதுரப் பின் என்று கலந்து கிடக்கின்றன. இரண்டு பின் பிளக்கைச் சதுரத் துவாரத்தில் நுழைக்க, பேனா மூடியை மேல் துளையில் குத்தி அடைப்பைத் திறக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் தெரியும். அதன் அடுத்த கட்டம், உறுமலை நிறுத்த மூன்றாவது பின்னை முறித்துவிடுவது. உறுமல் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் நம் வீடுகளின் புவித்தொடுப்பு, வளவில் அடித்த ஒரு கம்பியையும் ட்ரிப் சுவிட்சையும் நம்பி இருக்கிறது. அந்தப் பின் இல்லாத பெட்டிக்குள் ஒரு வயர் கழன்று பெட்டியின் உலோக உடம்பைத் தொட்டால் ட்ரிப் சுவிட்ச் விழ வழியில்லை. யாராவது அந்தப் பெட்டியைத் தொடும்வரை காத்திருக்கும். அதுவும் விழும் நிலையில் இருந்தால்தான். அதன் சோதனைப் பொத்தானை எப்போது கடைசியாக அழுத்தினீர்கள்?

ஜப்பானியப் பெட்டிகளின் இரண்டு தட்டைப் பின் பிளக் வேறு விஷயம். அவை புவித்தொடுப்புப் பின் இல்லாமலே செய்யப்பட்டவை. அதை ஸ்டெப் டவுன் பெட்டியில் திருப்பிச் செருகிப் பாருங்கள். சில வேளை அதிலேயே இரைச்சல் குறைந்துவிடும்.

இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு

சி.டி பிளேயர் தருவது ஏறக்குறைய 2 வோல்ட். இசைத்தட்டின் ஊசி தருவது 5 மில்லிவோல்ட் அளவு, நானூறில் ஒன்று. அதனால் எந்த முனகலும் அங்கே பூதமாகும். முதலில், கேபிள்களோடு வரும் மெல்லிய தனி வயர் அம்பிளிபயரின் பின்னால் உள்ள நிலத் திருகாணியில் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது மின் பாதுகாப்புக்கான புவித்தொடுப்பு அல்ல, சத்தத்துக்கானது.

பிறகு தட்டைச் சுழற்றாமல், வொலியூமைக் கொஞ்சம் ஏற்றி, ஊசிக்கையைக் கையால் மெதுவாகத் தட்டின் மேலே நகர்த்துங்கள். ஒரு பக்கம் போகும்போது முனகல் ஏறி மறுபக்கம் இறங்கினால், ஊசி பக்கத்திலுள்ள டிரான்ஸ்போமரின் காந்தப் புலத்தைப் பிடிக்கிறது. தூரத்தைக் கூட்டுங்கள். இருமடங்கு தள்ளினால் புலம் ஏறக்குறைய எட்டில் ஒன்றாகும். அம்பிளிபயரின் மேலேயே இசைத்தட்டுச் சுழற்றியை வைத்திருப்பவர்கள் இதைப் படித்ததும் எழுந்துபோய் இறக்கி வைக்கலாம். அலுமினியத் தாளைச் சுற்றிப் பயனில்லை, 50 ஹேர்ட்ஸ் காந்தப் புலம் அதை மதிக்காது. இரும்புத் தகடு ஓரளவு தடுக்கும், தூரம் அதைவிட நன்றாகத் தடுக்கும்.

வொலியூம் பூச்சியத்திலும் இரைந்தால்

எல்லாக் கேபிளும் கழன்று, வொலியூமும் பூச்சியம், இருந்தும் ஸ்பீக்கரில் கரகரத்த 100 ஹேர்ட்ஸ் வருகிறது என்றால் அப்போதுதான் கெப்பாசிட்டர்களைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு பக்க ஸ்பீக்கரிலும் ஒரே அளவு என்றால் பொதுவான மின்வழங்கல். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்துப் பற்றாசோ வேறு பாகமோ. வெப்பநிலை பத்துப் பாகை ஏறினால் இந்தக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். மூடிய ஷோகேஸுக்குள், மேலே பின்னல் விரிப்பும் அதன் மேல் பூச்சாடியும் வைத்த அம்பிளிபயருக்கு அதிக நாள் கிடையாது. விரிப்பை எடுத்துவிடுங்கள்.

பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோகும்போது ‘இரைகிறது’ என்று மட்டும் சொல்லாமல், கண்டதைத் துண்டில் எழுதிக் கொடுங்கள்: ஸ்பீக்கரில், இரு பக்கமும், வொலியூம் பூச்சியத்திலும், கேபிள் ஒன்றும் இல்லாமல். புதிய கெப்பாசிட்டரின் வோல்ட் அளவு பழையதற்குக் குறையாமல், 105 பாகை வகையாக இருக்கட்டும், கழற்றிய பழையவை உங்களுக்கு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது புறக்கோட்டைக் கடையின் வாசலில் நின்று கேட்டால் எந்த அம்பிளிபயரும் மௌனமாகத்தான் இருக்கும். மூட்டை சுமக்கும் நாட்டாமிகளின் கூச்சலும் லொறிகளும் அதை மூடிவிடும். உள்ளே கொண்டுபோகச் சொல்லுங்கள். மின்விசிறியை ஒரு நிமிடம் அணைக்கச் சொல்லி, ஸ்பீக்கரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் காதை வையுங்கள். அந்தத் தூரத்தில் மெல்லிய முனகல் கேட்டால் பரவாயில்லை, வால்வு அம்பிளிபயர் என்றால் சற்றுக் கூடக் கேட்டாலும் பரவாயில்லை. இரண்டு அடி தள்ளி நின்றும் கேட்டால் மீதிக் காசைக் கொடுக்க வேண்டாம்.